கோடைக்கால ஆங்கிலப் பள்ளியும் சனிக்கிழமைப் பயணங்களும்: தென் இங்கிலாந்தில் எங்கே, எத்தனை இடம்?

கடற்கரை_வகுப்பு

வணக்கம். வரும் ஜூலையில் கிழக்கு சசெக்ஸில், விடுமுறைக்காக மூடப்படும் உறைவிடப் பள்ளி ஒன்றின் கட்டடத்தில் நடக்கவிருக்கும் கோடைக்கால ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர இருக்கிறேன். மாணவர்கள் 12 முதல் 16 வயது வரை உள்ளவர்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் தத்தம் குழுத் தலைவருடன் வருகிறார்கள். சிலர் கிழக்காசியாவிலிருந்து தனியாக வருகிறார்கள். காலையில் வகுப்பு, பிற்பகலில் விளையாட்டு, புதன்கிழமை அரைநாள் பயணம், சனிக்கிழமை முழுநாள் பயணம் என்று அட்டவணை வந்திருக்கிறது.

வகுப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை, சனிக்கிழமைகளைப் பற்றித்தான். முதல் சனிக்கிழமை ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டம், சால்ஸ்பரி, பாத் ஆகிய மூன்றும் ஒரே நாளில், அடுத்தது ஆக்ஸ்போர்டும் விண்ட்சரும், மூன்றாவது லண்டன். ஆசிரியர்களே வழிகாட்டிகளாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். மாற்றம் வேண்டுமானால் மே மாத இறுதிக்குள் சொல்லலாம் என்று பாட இயக்குநர் எழுதியிருக்கிறார். இந்தப் பயணங்களைப் பாடத்தோடு இணைக்க முடியுமா, அல்லது உல்லாசப் பயணமாகவே விட்டுவிடுவது நல்லதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலை

பாடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பேருந்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமையை ஆள்வது பேருந்துதான். சசெக்ஸ் கடற்கரையிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சுக்கு இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அங்கிருந்து பாத் நகருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாத்திலிருந்து திரும்பிவர மூன்று மணி நேரத்துக்கு மேல். இந்நாட்டுச் சுற்றுலாப் பேருந்துகள் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டவை என்பதால், காரில் போகும் நேரத்தை வரைபடத்தில் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. ஸ்டோன்ஹெஞ்சை ஒட்டிச் செல்லும் ஏ303 சாலை அந்த இடத்தில் திசைக்கு ஒரே தடமாகக் குறுகிவிடுகிறது. கோடைச் சனிக்கிழமை காலையில் மேற்கே கடலுக்குப் போகும் கூட்டமெல்லாம் அதில்தான் நிற்கும். அதைச் சுரங்கப் பாதையாக மாற்றும் திட்டத்தை 2024 ஜூலையில் அரசு கைவிட்டுவிட்டதால் இந்த நெரிசல் இப்போதைக்குத் தீரப்போவதில்லை.

ஓட்டுநருக்குச் சட்டம் விதித்த நேரமும் இருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் பொதுவாக 9 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். உங்கள் மூன்று ஊர்த் திட்டம் சட்டத்துக்குள் அடங்கலாம். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏழு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கையில் கிடக்கும். ஸ்டோன்ஹெஞ்சில் நுழைவு நேரம் குறித்த சீட்டு எடுக்க வேண்டும். 2013 டிசம்பரில் திறந்த பார்வையாளர் மையம் கற்களிலிருந்து ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தள்ளி இருப்பதால், அங்கிருந்து வேறு வண்டியில் ஏறிப் போய்த் திரும்பவும் நேரம் ஒதுக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு பாத் நகருக்கு மிஞ்சுவது கழிப்பறை வரிசைக்கே போதாது.

பாத்தை வெட்டிவிடுங்கள். ஸ்டோன்ஹெஞ்சும் சால்ஸ்பரியும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். அந்த இரண்டுமே ஒரு நாளுக்குப் போதும்.

முகில்

நெடுஞ்சாலை அவர்களின் கணக்கை ஏற்கிறேன், ஆனால் இழையின் அடிப்படைக் கேள்விக்கு என் விடை வேறு. இந்தப் பிள்ளைகள் வாரம் முழுவதும் காலையில் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். பெற்றோர் கொடுத்த பணத்தில் அவர்கள் உண்மையில் எதிர்பார்ப்பது தம் வயதுப் பிள்ளைகளோடு ஒரு புதிய ஊரில் சுற்றுவது, கடைகளில் நுழைவது, படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவது. அதையும் பாடமாக்கி, கையில் எட்டுப் பக்க வினாத்தாளைத் திணிப்பது கொடுமை. நான் பார்த்தவரை அந்தத் தாளை ஒரு மாணவி நிரப்புவாள். மற்ற பதினான்கு பேரும் திரும்பும் பேருந்தில் அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். கடைசியில் அந்தத் தாளால் மாணவருக்கும் பயனில்லை, திருத்துகிற ஆசிரியருக்கும் பயனில்லை.

அதைவிட, பயணத்தைப் பயணமாகவே விட்டுவிட்டு, அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிவந்தால் அதுவே அன்றைய பயிற்சி என்று நிம்மதியாக இருக்கலாம்.

பழையசுவர்

முகில் வினாத்தாளைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. அதற்காகப் பயணத்தை வகுப்பிலிருந்து துண்டித்துவிடத் தேவையில்லை என்பதே என் கருத்து. சனிக்கிழமை அன்று பாடம் நடத்தாதீர்கள்; வெள்ளிக்கிழமை நடத்துங்கள். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு கேள்வியை மட்டும் மாணவர் மனத்தில் போட்டு அனுப்புங்கள்.

எடுத்துக்காட்டாக வின்செஸ்டரைச் சொல்கிறேன். ஆக்ஸ்போர்டு, விண்ட்சர் இரண்டையும் ஒரே நாளில் ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக இந்த ஒரு ஊரையே பரிந்துரைப்பேன். அங்குள்ள பேராலயம் ஈரமான கரிமண் நிலத்தில் கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கிழக்குப் பகுதி புதைந்து சாயத் தொடங்கியபோது, சுவருக்கு அடியில் குழி வெட்டினால் நிலத்தடி நீர் நிறைந்துவிட்டது. நீரை இறைத்தால் மண்ணும் சேர்ந்து வந்து கட்டடமே இறங்கிவிடும் ஆபத்து இருந்தது. ஆகவே வில்லியம் வாக்கர் என்ற மூழ்காளரை இறக்கினார்கள். 1906 முதல் 1911 வரை, ஏறத்தாழ ஆறு மீட்டர் ஆழத்தில், கலங்கல் நீரில் கண் தெரியாமல் கைத்தடவலிலேயே சிமெண்டு மூட்டைகளை அடுக்கி அடித்தளத்தை அடைத்தார் அவர். அடைத்த பிறகு நீரை இறைத்துவிட்டு, மற்றத் தொழிலாளர்கள் உலர்ந்த இடத்தில் நின்று கட்ட முடிந்தது. ஏறத்தாழ 25,000 மூட்டைச் சிமெண்டுக் கலவை போனதாகக் கணக்கு இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வகுப்பில் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்துங்கள்: சுவர் சாய்கிறது, குழியில் தண்ணீர் நிற்கிறது, பொறியாளர் என்ன செய்யலாம்? இறந்தகால வினைகளும், "செய்திருக்கலாம்" வகை வாக்கியங்களும் தாமாக வரும். இலக்கணத்தை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. மறுநாள் அவர்கள் பேராலயத்துக்குள் வாக்கரின் சிலையைத் தாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சிலைக்கும் ஒரு கிளைக்கதை உண்டு: 1964இல் முதலில் வைத்த சிலைக்கு மூழ்காளரின் முகம் அமையவில்லை, தவறுதலாகப் பொறியாளர் பிரான்சிஸ் பாக்ஸின் முகம் அமைந்துவிட்டது. உடல் வருந்தி உழைத்தவருக்கு அவருடைய சொந்த முகம் கிடைக்க 2001 வரை ஆயிற்று. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த அநியாயம் உடனே பிடிபடும். திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசுவார்கள்.

அதே பேராலயத்தில் 1817 ஜூலையில் மறைந்த ஜேன் ஆஸ்டினின் கல்லறைக் கல் இருக்கிறது. அவருடைய குணநலன்களை நீளமாகப் புகழும் அக்கல்லில் அவர் நாவல் எழுதியவர் என்ற செய்தியே இல்லை. அதைச் சொல்லும் பித்தளைப் பலகை 1872இல்தான் அருகில் வைக்கப்பட்டது. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு "கல்லில் எது இல்லை?" என்பதே கேள்வியாகப் போதும். சிறியவர்களுக்கு, பத்து நிமிட நடையிலுள்ள பழைய மண்டபத்தில் சுவரில் தொங்கும், பழங்கதை நாயகர் ஆர்தர் மன்னருடையது என்று சொல்லப்படும் வட்டமேசை. மர வளையங்களைக் கொண்டு ஆய்ந்ததில் அது 13ஆம் நூற்றாண்டு மேசை என்று தெரிந்துவிட்டது. அதன் மேலுள்ள ஓவியத்தை எட்டாம் ஹென்றி தீட்டச் செய்தார். ஆர்தரின் முகத்தில் ஹென்றியின் சாயல் இருப்பதை யாராவது ஒரு மாணவர் சொல்லும்வரை நீங்கள் சொல்லாமல் இருங்கள்.

கணக்குப்பிள்ளை

பாடத்தைப் பற்றி அறிந்தவர்கள் பேசட்டும். நான் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன், அதைக் கையெழுத்திடுவதற்கு முன் பார்க்க வேண்டும். கோடைக்காலப் பள்ளிகள் வாரச் சம்பளமாக ஒரு தொகையும், தங்குமிடமும் உணவும் தருவதாக எழுதும். முழுநாள் பயணத்தில் காலை எட்டு மணிக்குப் பேருந்தில் மாணவர் எண்ணிக்கை எடுப்பதிலிருந்து இரவு அவர்களை இறக்கி விடும்வரை நீங்கள் பொறுப்பில் இருக்கிறீர்கள். அது முழுவதும் வேலை நேரமே. வகுப்பு, பயணம், இரவுக் கண்காணிப்பு மூன்றையும் கூட்டி, வாரச் சம்பளத்தை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் 21 வயது நிரம்பியவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, அக்கணக்கில் தங்குமிடத்துக்காகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய தொகை நாளுக்கு 10.66 பவுண்டாக மட்டுமே இருந்தது. உணவுக்கு எதையும் சேர்த்துக்கொள்ள முடியாது. இந்தத் தொகைகள் ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறுபவை என்பதால், உங்கள் ஒப்பந்தக் காலத்துக்கு உரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்குச் சராசரி 48 மணி நேர வரம்பிலிருந்து விலகுவதாகக் கையெழுத்துக் கேட்கும் தாள் ஒன்றும் ஒப்பந்தத் தாள்களோடு இருக்கும். கையெழுத்திட வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

மாணவன்_ரெடிங்

குறுக்கே ஒரு கேள்வி, பொறுத்தருள்க. நான் இங்கே முதுகலை படிக்கிறேன், மாணவர் விசாவில் இருக்கிறேன். ஜூலையில் வகுப்பு எதுவும் இல்லை. இத்தகைய பள்ளியில் முழுநேரமாகச் சேரலாமா?

கணக்குப்பிள்ளை

மாணவன்_ரெடிங்: பெரும்பாலும் முடியாது. ஓராண்டு முதுகலைப் படிப்பில் கோடை மாதங்கள் ஆய்வேடு எழுதும் காலம்; வகுப்பு இல்லாவிட்டாலும் அது விடுமுறையாகக் கருதப்படுவதில்லை, எனவே வாரத்துக்கு 20 மணி என்ற வரம்பு தொடர்கிறது. சுற்றுலா நாள் ஒன்றே அதில் பாதியைத் தின்றுவிடும். சுயதொழிலாகப் பணம் பெறுவதும் உங்கள் விசாவில் தடை. உங்கள் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து பட்டதாரி விசாவுக்கு மாறிய பிறகு இந்தத் தடை இல்லை. ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா அல்லது டிரினிட்டி சான்றிதழும், குழந்தைகளோடு பணிபுரிவதற்கான டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பும் இருந்தால் இடம் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து ஆசிரியர்கள் முன்போல எளிதாக வந்துவிட முடியாததால், இங்கே வேலை செய்யும் உரிமை உள்ளவர்களுக்குப் பள்ளிகளில் வரவேற்பு இருக்கிறது.

வெண்பாறை

கிழக்கு சசெக்ஸில் பள்ளி என்றால் அரைநாள் பயணங்களில் செவன் சிஸ்டர்ஸ் கட்டாயம் இருக்கும். அந்தச் சுண்ணாம்புப் பாறைகளைப் பற்றி நான் கடுமையாகத்தான் எழுதுவேன்.

இத்தாலிய மாணவர்களும் கொரிய மாணவர்களும் அங்கே போக விரும்புவது அந்த ஒரே படத்துக்காக: விளிம்பில் நிற்கிற உருவம், கீழே வெள்ளைச் சுவர், அப்பால் கடல். மேலே புல்வெளி சமதளமாகத் தெரிவதால் ஆபத்து கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அடியில் அலை அரித்து, நிற்கும் புல்லுக்குக் கீழே வெறும் காற்று மட்டுமே இருக்கக்கூடும். கடந்த 150 ஆண்டுகளில் இந்தக் கரை சராசரியாக ஆண்டுக்கு 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை பின்வாங்கியிருப்பதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சராசரி என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது: பல ஆண்டுகள் அசையாமல் இருந்துவிட்டு ஒரே பிற்பகலில் பல மீட்டர் சரிந்துவிடும். 2017 ஜூனில் படத்துக்காக விளிம்பருகே துள்ளிக் குதித்த மாணவி ஒருவர் கீழே விழுந்து இறந்தார்.

பாறையடியில் கடற்கரை வழியாக நடத்திச் செல்வதும் கூடாது. கல் விழும், கடல் ஏறினால் திரும்பும் வழி அடைபடும். நல்ல காட்சி உண்மையில் விளிம்பில் இல்லை. கக்மியர் ஆற்றின் மேற்குக் கரையில், சீஃபர்ட் பக்கமாக உள்ள பழைய கடலோரக் காவலர் வீடுகளுக்கு மேலே நின்றால் பாறைகள் முழுவரிசையாக எதிரே தெரியும். அங்கே அவர்களை எண்ணச் சொல்லுங்கள். பெயர் ஏழு என்றாலும் ஒரு சிறிய எட்டாவது மேடும் இருக்கிறது. அதனால் எண்ணிக்கையில் சண்டை வரும், சண்டை ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்பது மட்டும் உங்கள் விதி. முன்கூட்டி எழுதும் அபாய மதிப்பீட்டில் "விளிம்பிலிருந்து தள்ளி நிற்க வேண்டும்" என்ற வரி மட்டும் போதாது. எந்த இடம்வரை போகலாம், அங்கே எந்த ஆசிரியர் நிற்பார் என்பதையும் எழுதுங்கள்.

கடற்கரை_வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பாதிக் கதை, சனிக்கிழமை ஒரே கேள்வி என்ற முறை எனக்குப் பிடித்திருக்கிறது. பாட இயக்குநருக்கு எழுதி, முதல் சனிக்கிழமையிலிருந்து பாத்தை நீக்கவும், ஆக்ஸ்போர்டு, விண்ட்சருக்குப் பதில் வின்செஸ்டரைச் சேர்க்கவும் கேட்டிருக்கிறேன். சால்ஸ்பரியில் எதைக் கேள்வியாக்கலாம்? அரைநாள் பயணங்களில் பிரைட்டன் இரண்டு முறை வருகிறது. கடற்பாலமும் கடைத்தெருவும் தவிர வேறென்ன செய்யலாம்?

தென்கரை

பிரைட்டனுக்கு நான் பதில் சொல்கிறேன். ராயல் பெவிலியனை வெறும் விசித்திரமான வெங்காயக் கோபுர அரண்மனையாகக் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை, அது மேற்குப் போர்முனையில் காயமடைந்த இந்தியச் சிப்பாய்களின் மருத்துவமனையாக இருந்தது. சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் நடந்தன. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள் இருந்தன. அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் வைக்கப்பட்டன.

இதில் வகுப்புக்கு உகந்த முரண் ஒன்று இருக்கிறது. மன்னர் தம் அரண்மனையையே இந்திய வீரர்களுக்குத் தந்தார் என்று அப்போது பரப்பப்பட்டது. ஆனால் அந்தக் கட்டடத்தை 1850லேயே அரச குடும்பத்திடமிருந்து நகரம் விலைக்கு வாங்கியிருந்தது. அப்படியானால் அந்தச் செய்தி யாருக்காகச் சொல்லப்பட்டது? அக்காலப் புகைப்படத்தில் பளபளக்கும் மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள் தெரிகின்றன. படம் எடுத்ததன் நோக்கம் என்ன? பதினைந்து வயது மாணவர்கள் இதைப் பற்றி நன்றாகவே வாதிடுவார்கள். தம் நாட்டுப் போர்க்காலச் சுவரொட்டிகளையும் நினைவுகூர்வார்கள்.

மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேர் நகருக்கு வெளியே பேச்சம் அருகே குன்றின் மேல் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் எழுப்பப்பட்ட சத்ரி என்ற நினைவு மண்டபம் 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசரால் திறந்து வைக்கப்பட்டது. இறந்த முஸ்லிம் வீரர்களை வோக்கிங்கில், அங்குள்ள ஷாஜஹான் மசூதியின் அருகே அடக்கம் செய்தார்கள். சத்ரிக்குப் பேருந்து போகாது. மேய்ச்சல் நிலத்தின் வழியே மேட்டில் நடக்க வேண்டும். ஆகவே சிறியவர்களை விட்டுவிட்டு, மூத்த வகுப்பை மட்டும் அழைத்துப் போங்கள். நடக்க முடியாதென்றால் பெவிலியன் தோட்டத்தின் தெற்கு வாயிலையாவது காட்டுங்கள். அது இந்தியாவின் சார்பில் நன்றிக்கொடையாகத் தரப்பட்டு, 1921 அக்டோபரில் பாட்டியாலா மகாராஜா திறந்து வைத்தது. அன்றாடம் அதன் வழியே நடப்பவர்களில் பலர் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

முகில்

தென்கரை சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் ஓர் எச்சரிக்கை. முதல் மணி நேரத்தில் இதைக் கேட்கும் பொறுமை அவர்களுக்கு இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் இருக்காது. எந்த ஊரானாலும் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்த பிறகு ஓய்வு நேரம் கொடுங்கள். ஓய்வு நேரத்தில் குறைந்தது மூவராகச் சேர்ந்தே நடக்க வேண்டும். பள்ளியின் அவசர எண் அச்சிட்ட அட்டையும் கைப்பட்டையும் அணிந்திருக்க வேண்டும். ஓர் ஆசிரியர் குறித்த ஓர் இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடம் ஒரு பெரிய கடையின் வாசலாக இல்லாமல், ஒரே ஒன்று மட்டுமே உள்ள சிலையாகவோ மணிக்கூண்டாகவோ இருக்கட்டும். ஒரே நிறுவனத்தின் கடை இரண்டு தெருவில் இருக்கும், பாதிக் குழு மற்றதன் வாசலில் நிற்கும். இளையவர்களைத் தனியே விட வேண்டாம். அவர்களுடன் ஒருவர் கூடவே நடக்கட்டும்.

பழையசுவர்

முகிலும் நானும் இப்போது ஒரே இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கிறேன்: கேள்வி காலையில், கடைத்தெரு பிற்பகலில்.

சால்ஸ்பரிக்கு என் தேர்வு அந்தப் பேராலயத்தின் பழைய கடிகாரம். 1386ஆம் ஆண்டையது என்று கருதப்படும் அதற்கு முகப்பே கிடையாது. முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை, மணி அடிப்பது மட்டுமே அதன் வேலை. "இதைப் பார்த்து மணி சொல்" என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். 123 மீட்டர் உயர ஊசிக் கோபுரத்தையும், 1215ஆம் ஆண்டு மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தின் எஞ்சியிருக்கும் நான்கு மூலப் படிகளில் ஒன்றையும் அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள். ஸ்டோன்ஹெஞ்சில் வேறு வழி: பெரிய கற்கள் 25 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும், சிறிய நீலக் கற்கள் வேல்ஸிலிருந்தும் வந்தவை, நடுவில் கிடக்கும் பலிபீடக் கல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை ஒரு வெற்று வரைபடத்தைக் கொடுத்து, எது எங்கிருந்து வந்திருக்கும் என்று அவர்களையே கோடு போடச் சொல்லுங்கள். விடையை அங்கே உள்ள காட்சிக்கூடத்தில் சரிபார்க்கட்டும். கல் வட்டத்துக்குள் நுழைய முடியாது என்பதையும் முன்னரே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஏமாற்றத்திலேயே அரைமணி நேரம் போய்விடும்.

கடற்கரை_வகுப்பு

பாட இயக்குநரிடமிருந்து பதில் வந்துவிட்டது. பாத் நீக்கப்பட்டது. வின்செஸ்டரும் சேர்ந்தது. ஆனால் இத்தாலியக் குழுத் தலைவர்கள் விண்ட்சர் கோட்டை விளம்பரத் தாளில் இருந்ததாகவும், பெற்றோர் கேட்பார்கள் என்றும் சொல்வதால், அதை இரண்டாம் வாரப் புதன்கிழமைக்கு மாற்ற எண்ணுகிறார்களாம்.

நெடுஞ்சாலை

உடனே பதில் எழுதுங்கள்: விண்ட்சர் கோட்டை செவ்வாய், புதன் இரண்டு நாளும் பார்வையாளருக்கு மூடியிருக்கும். தவிரவும், உங்கள் ஊரிலிருந்து லண்டன் சுற்றுச்சாலை வழியே போய்வருவது அரைநாளில் அடங்காது. பெற்றோருக்காக விண்ட்சர் இருந்தே ஆக வேண்டுமென்றால் மூன்றாவது சனிக்கிழமையை லண்டனிடமிருந்து எடுத்துக்கொடுக்க வேண்டும்; அதைக் குழுத் தலைவர்கள் ஏற்கமாட்டார்கள். எனவே அந்தப் புதன்கிழமைக்கு ஒரு கோட்டைதான் வேண்டுமென்றால் போடியம் கோட்டையைச் சொல்லுங்கள். 1385இல் கட்டத் தொடங்கியது, நாற்புறமும் அகழி, உங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, இரவு உணவுக்குள் திரும்பிவிடலாம். படத்துக்கும் குறைவில்லை.